'ஃபார்மட் பண்ணிடலாம் சார்!'

நம் ஊரில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக அதிகம் சொல்லப்படும் வாக்கியம் எது என்று யாராவது போட்டி வைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். "ஃபார்மட் பண்ணிடலாம் சார்!"

மெதுவாக ஓடுகிறதா? ஃபார்மட். பிரின்டர் பேச மறுக்கிறதா? ஃபார்மட். திடீர் திடீரென்று அணைந்து போகிறதா? நிச்சயமாக ஃபார்மட். மானிட்டர் மேல் பல்லி விழுந்துவிட்டது என்று போன் செய்து பாருங்கள், அதற்கும் ஒரு பையன் பாக்கெட்டில் பென் டிரைவோடு பைக்கில் வந்து இறங்குவான்.

ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. விண்டோஸ் 98 நாட்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் துடைத்து மறுபடி ஏற்றினால்தான் மெஷின் மூச்சு விடும். அந்தக் காலத்து வைத்தியத்தை அந்தக் காலத்தோடு விட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் அதையேதான் செய்கிறோம். அதுவும் எதற்கு? போன வாரம்தான் கடையில் பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்த புத்தம் புது மெஷினுக்கு!

கொஞ்சம் யோசியுங்கள். அந்த மெஷினில் விண்டோஸ் ஏறியே நான்கு நாள்தான் ஆகிறது. கூடவே ஒரு பிரவுசர், ஒரு வீடியோ பிளேயர், ஒரு தமிழ் ஃபான்ட். வேறு ஒன்றும் கிடையாது. அதில் துடைப்பதற்கு என்ன இருக்கிறது? கிருகப்பிரவேசம் முடிந்த மறு வாரமே சுவரில் விரிசல் விட்டால் மேஸ்திரியைக் கூப்பிட்டு அஸ்திவாரம் பற்றிக் கேட்பீர்களா, இல்லை இன்னொரு கோட் வெள்ளை அடிக்கச் சொல்வீர்களா? நாம் வெள்ளை அடிக்கிறோம். ஒரு கோட்டுக்கு ஐந்நூறு ரூபாய்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. ராம் பழுதாக இருக்கும் மெஷினில் மறுபடி விண்டோஸ் ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஏற்றப்படும் ஒவ்வொரு ஃபைலும் அந்தப் பழுதான ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகிறது. போகிற வழியில் எங்கேயாவது ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறிவிட்டால் உங்களுடைய புது விண்டோஸ் பிறக்கும்போதே ஊனம். நாளைக்கு அது இன்னொரு விதத்தில் விழும். "பாத்தீங்களா சார், மறுபடி வைரஸ் வந்துருச்சு" என்பார்கள். அப்புறம் அந்த இரண்டாவது கேள்வி வரும். அது உங்கள் நடத்தையைப் பற்றியது. "நெட்ல என்னென்ன சார் டவுன்லோட் பண்ணீங்க?" பக்கத்தில் மனைவி நின்றுகொண்டிருப்பார்.

மெமரி இப்படியெல்லாம் பொய் சொல்லுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: கூகுள் தன்னுடைய சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கண்காணித்து, 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் ஸ்டிக்குகளில் பிழை காட்டியது. அவையெல்லாம் பிழையைக் கண்டுபிடிக்கும் வசதியுள்ள விலை உயர்ந்த சர்வர் ராம்கள். நம் வீட்டு மெஷினில் இருப்பவற்றில் அந்த முழு வசதி கிடையாது. தப்பு நடந்தால் நடந்ததுதான், யாரும் வந்து சொல்லமாட்டார்கள். லினக்ஸ் சிஸ்டத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இன்டெலைப் பிடித்துக் கண்டபடி திட்டியது இதற்காகத்தான். பிழை திருத்தும் ராமை சாதாரண ஜனங்களுக்கு எட்டாமல் செய்துவிட்டார்கள் என்று.

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் பத்து லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களின் கிராஷ் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஹார்ட்வேர் கோளாறால் ஒரு முறை விழுந்த மெஷின் இரண்டாம் முறை விழுவதற்கான வாய்ப்பு, விழாத மெஷினைவிட நூறு மடங்கு வரை அதிகம் என்று வந்தது. அதாவது, புது மெஷின் ஒரு தடவை விழுந்தால் "ஏதோ ஒரு தடவை" என்று விட்டுவிடக் கூடாது. நாம் விட்டுவிடுகிறோம். வாரன்டியில் நேராகத் திருப்பிக் கொடுக்கக்கூடிய முதல் பத்து நாளை இப்படித்தான் தொலைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், வடபழனிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், மனைவியின் வளையலை அடகு வைத்து ஒன்றரை லட்சத்துக்கு மெஷின் கட்டினார். ரைசன் பிராசசர், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ராம். 16 ஜிபி ஸ்டிக் நான்கு. கடைக்காரர் நான்கையும் செருகி, உள்ளே கலர் கலராக விளக்கு எரியவிட்டு, "ராக்கெட் மாதிரி போகும்ணே" என்று கொடுத்தனுப்பினார். போனது. எக்ஸ்போர்ட் போட்டால் நாற்பது சதவீதம் வரை போய், திரை நீலமாகி, மறுபடி முதலில் இருந்து.

கடைக்கு எடுத்துப் போனார். ஃபார்மட். வீட்டுக்கு வந்தார். நாற்பது சதவீதம். மறுபடி கடை. "கிராக் பண்ண சாஃப்ட்வேர் போட்டீங்களாண்ணே?" அவர் மாதா மாதம் பணம் கட்டி உபயோகிக்கிற சாஃப்ட்வேர் அது. மறுபடி ஃபார்மட். மூன்றாம் முறை அவரைக் கேட்காமலே டி டிரைவையும் சேர்த்து "ஃபுல்லா கிளீன்" பண்ணிவிட்டார்கள். அந்த டி டிரைவில் ஒரு கல்யாணத்தின் நலங்கும் ரிசப்ஷனும் இருந்தன. கேமரா கார்டை அதற்குள் அடுத்த முகூர்த்தத்துக்குத் துடைத்தாயிற்று. பெண் வீட்டாருக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, கையையும் பிடித்தார். அவர்கள் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. நியாயம்தானே?

கடைசியில் கோளாறைக் கண்டுபிடித்தது மாடி வீட்டு பாலிடெக்னிக் பையன். அவன் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. "அங்கிள், ரெண்டு ராமைக் கழட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டு, கழற்றினான். எக்ஸ்போர்ட் நூறு சதவீதம் போய் முடிந்தது.

காரணம் என்ன தெரியுமா? அந்த ராம் டப்பாவின் மேல் 6000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஏஎம்டி கம்பெனி தன்னுடைய ரைசன் 7000 வரிசை பிராசசர்களுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும் உத்தரவாதம் வேறு. இரண்டு ஸ்டிக் போட்டால் 5200 வரை. நான்கு ஸ்டிக் போட்டால் 3600. ஆமாம், மூவாயிரத்து அறுநூறு! கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலேயே இருக்கிறது. 3600-க்கு மட்டுமே கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கும் இடத்தில் 6000-ஐ முடுக்கிவிட்டு, "ராக்கெட் மாதிரி போகும்" என்று அனுப்பியிருக்கிறார்கள். ஓடினால் அதிர்ஷ்டம். ஓடாவிட்டால் வைரஸ்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாது என்று சொல்லாமல் மூன்று முறை ஃபார்மட் செய்தாரே, அதற்குத்தான் கோபம்.

அவரைவிட எனக்குக் கோபம் இன்னும் மேலே இருப்பவர்கள் மேல். டப்பாவில் 6000 என்று போட்டுக் காசு வாங்குகிறார்கள். வீட்டில் செருகி ஆன் செய்தால் அது பெரும்பாலும் 4800-ல்தான் எழும். 6000 வேண்டுமென்றால் பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று ஒன்றை நீங்களே ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால்? அது 'ஓவர்கிளாக்கிங்', அதனால் வாரன்டி பாதிக்கப்படலாம் என்று பிராசசர் கம்பெனியின் பொடி எழுத்து சொல்கிறது. இன்டெலும் சரி, ஏஎம்டியும் சரி, இரண்டு பேரும்தான். அதே கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தில் அதே வசதியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. 120 கிலோமீட்டர் போகும் என்று பைக்கை விற்றுவிட்டு, நீங்கள் 80-ஐத் தாண்டினால் இன்ஜினுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லும் ஷோரூமை நீங்கள் சும்மா விடுவீர்களா? ஷோரூம் கண்ணாடி மிஞ்சாது. கம்ப்யூட்டரில் மட்டும் "நமக்குத்தான் தெரியலை போல" என்று தலையைக் குனிந்துகொள்கிறோம்.

இந்தக் குனிந்த தலைதான் அவர்களுடைய மூலதனம். இதற்கு உலகப் பெரிய உதாரணம் ஒன்று நம் கண்ணெதிரே நடந்தது.

2022 அக்டோபரில் இன்டெல் தன் 13-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த அக்டோபரில் 14-வது. இரண்டும் அடிப்படையில் ஒரே சரக்குதான். வாங்கியவர்கள் யார்? உலகமெங்கும் தன் கையால் மெஷின் கட்டிக்கொள்ளும் இளைஞர்கள், வீடியோ எடிட்டர்கள், வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள். ஐ9 என்றால் இருப்பதிலேயே உசத்தி என்று நம்பி உசத்தியான விலை கொடுத்தவர்கள். கொஞ்ச மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் விழ ஆரம்பித்தது. விளையாட்டு ஆரம்பிக்கும்போதே நின்றுபோகும். திரையில் ஒரு வாக்கியம் வரும்: 'வீடியோ மெமரி போதவில்லை.'

வீடியோ மெமரி என்றால் என்ன அர்த்தம்? கிராஃபிக்ஸ் கார்டு! எனவே எல்லோரும் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கார்டைக் கழற்றினார்கள், மாற்றினார்கள், டிரைவரை அழித்து ஏற்றினார்கள், விண்டோஸை அழித்து ஏற்றினார்கள். குற்றவாளி பிராசசர். விரித்துப் படிக்கவேண்டிய ஃபைலைத் தப்பாக விரித்துவிட்டு, பழியைப் பக்கத்து ஸ்லாட் மேல் போட்டுக்கொண்டிருந்தது. பொறுமை இழந்த என்விடியா 2024 ஏப்ரலில், இந்த மாதிரி கிராஷ் என்றால் எங்களிடம் வராதீர்கள், இன்டெலைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது.

இன்டெல் என்ன செய்தது? மதர்போர்டு கம்பெனிகளைக் கைகாட்டியது. அவர்கள்தான் பாதுகாப்பு வரம்புகளையெல்லாம் எடுத்துவிட்டு மின்சாரத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள், மே 31-க்குள் இன்டெல் சொன்ன செட்டிங்கை டிஃபால்ட்டாகக் கொடுக்க வேண்டும் என்று. குற்றச்சாட்டு பொய்யில்லை. இன்டெல் 253 வாட்ஸ் என்று சொன்ன இடத்தில், பல போர்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே 4096 வாட்ஸ் என்று வைத்திருந்தன. வரம்பே கிடையாது என்று அர்த்தம். போட்டிக் கம்பெனி போர்டைவிட இரண்டு புள்ளி அதிகம் காட்ட வேண்டுமே! ஆனால் இது நேற்று ராத்திரி நடந்ததா? வருடக்கணக்காக நடந்தது. அந்தப் புள்ளிகளில் இன்டெலுக்கும் பெருமை இருந்த வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

2024 ஜூலையில் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். பிராசசருக்கு உள்ளே இருக்கும் மைக்ரோகோட் தப்பாகக் கணக்குப் போட்டு அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்கிறது என்று. கூடவே இன்னொரு தகவலும் வெளியே வந்தது. ஆரம்பத்தில் தயாரான சில 13-வது தலைமுறை பிராசசர்களில் உள்ளே ஆக்சிஜனேற்றக் கோளாறு இருந்தது, அதை 2023-லேயே ஃபேக்டரியில் சரிசெய்துவிட்டோம் என்றார்கள். சரிசெய்தது 2023-ல். ஊருக்குச் சொன்னது 2024-ல். நடுவில் எத்தனை பேர் எத்தனை முறை ஃபார்மட் செய்திருப்பார்கள்!

ஆகஸ்டில் வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தார்கள், மூன்று ஐந்தானது. ஒரு திருத்தமும் கொடுத்தார்கள். செப்டம்பரில் மூல காரணத்தை அறிவித்தார்கள். பிராசசருக்குள் தாளம் போடும் ஒரு சர்க்யூட், அதிக வோல்டேஜிலும் சூட்டிலும் சீக்கிரம் கிழடு தட்டிவிடுகிறது. அதற்கு இன்னொரு திருத்தம். ஆனால் ஏற்கெனவே கிழடு தட்டியதை எந்தத் திருத்தமும் இளமையாக்காது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும். திரும்பப் பெறும் அறிவிப்பு மட்டும் வரவே இல்லை. உங்களுக்குத் தெரிந்து, நீங்களே கேட்டால் உண்டு.

இதே கம்பெனிக்கு 1994-ல் ஒரு பாடம் கிடைத்தது. பென்டியம் பிராசசர் வகுத்தல் கணக்கில் தப்பு செய்கிறது என்று தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். முதலில், உங்களுக்கு இது பாதிக்கும் என்று நிரூபித்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். ஊர் சிரித்தது. டிசம்பரில் பணிந்து, கேட்கிற எல்லோருக்கும் மாற்றித் தந்தார்கள். கணக்கில் எழுதிய நஷ்டம் 47.5 கோடி டாலர். முப்பது வருடம் கழித்து மறுபடி அதே நாடகம். ஏஎம்டி ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் உங்கள் ரைசன் 7800 பிராசசர்கள் சில, போர்டு அதிக வோல்டேஜ் கொடுத்ததில் நிஜமாகவே கருகின. அப்புறம்தான் 1.3 வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று பூட்டுப் போட்டார்கள்.

இந்த மொத்தக் கதையிலும் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒரே விஷயம். மெஷின் விழுந்தபோது முதல் சந்தேகம் யார்மேல் விழுந்தது? வாங்கியவன்மேல். "நீங்களே அசெம்பிள் பண்ணீங்களா?" என்ற கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்கும் தொனியைக் கவனித்திருக்கிறீர்களா? மாத்திரை சாப்பிட்டும் காய்ச்சல் குறையவில்லை என்று போனால் "வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்பார்களே, அதே தொனி.

நம் ஊருக்கென்று சில கோளாறுகள் தனியாக உண்டு. அவற்றைப் பற்றி எந்த அமெரிக்க வீடியோவும் பேசாது. முதலில் யுபிஎஸ். 600 விஏ என்று போட்டிருக்கும். 600 வாட்ஸ் என்று நினைத்து வாங்குவோம். அவற்றில் பெரும்பாலானவை 360 வாட்ஸ்தான் தாங்கும். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தால் அதுவே கதற ஆரம்பித்துவிடும். கரன்ட் போகும்போது நல்ல, விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ் சட்டென்று அணைவதும் உண்டு. மலிவான யுபிஎஸ் கொடுக்கும் கட்டம் கட்டமான மின்சாரத்தை சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் ஏற்றுக்கொள்வதில்லை. இதற்கெல்லாம் விண்டோஸ் என்ன செய்யும் பாவம்!

அடுத்தது எஸ்எம்பிஎஸ்ஸேதான். ஒன்றரை லட்சம் ரூபாய் பட்டியலில் கடைசி வரி அது. எல்லாவற்றிலும் பேரம் பேசி முடித்துவிட்டு, "எஸ்எம்பிஎஸ் ஏதாவது ஒண்ணு போடுங்க" என்கிறோம். வீட்டையே கட்டிவிட்டு மெயின் ஒயரை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்குவது மாதிரி. அப்புறம் எர்த். கேபினட்டைத் தொட்டால் விரல் லேசாகச் சுரீர் என்கிறதா? உங்கள் வீட்டு மூன்றாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருக்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, மெஷின் விழுகிறது, என்னதான் செய்வது என்கிறீர்களா? இதற்கு என்ஜினீயரிங் படிக்க வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நம் டெக்னீஷியன்களிடம் இல்லாத உபகரணம் அதுதான்.

முதல் வேலை, விண்டோஸில் கிராஷ் ஆனதும் தானாக ரீஸ்டார்ட் ஆகும் வசதியை எடுத்துவிடுங்கள். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ஒரு டிக். அந்த டிக் இருப்பதால்தான் பிழைச் செய்தி மின்னி மறைந்துபோகிறது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அந்த நீலத் திரையில் ஓர் அழுமூஞ்சியைப் போட்டார்கள். 2025-ல் அழுமூஞ்சியை எடுத்துவிட்டுத் திரையைக் கறுப்பாக்கினார்கள். வாங்கியவனுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுத மட்டும் யாருக்கும் நேரம் வரவில்லை. இருந்தாலும் கீழே ஒரு ஸ்டாப் கோட் இருக்கும். அதையும் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே கோட், அதே டிரைவர் பெயர் என்றால் அநேகமாக அந்த டிரைவர். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோட் என்றால் ராம், பிராசசர், மின்சாரம், இந்த மூன்றில் ஒன்றின் மேல் கண் வையுங்கள். ஈவென்ட் வியூயரில் 'கெர்னல் பவர் 41' என்று ஒன்றைக் காட்டி யாராவது "கண்டுபிடிச்சுட்டேன்" என்றால் நம்பாதீர்கள். 'மெஷின் ஒழுங்காக அணையவில்லை' என்பதைத்தான் அது சொல்கிறது. அது நமக்கே தெரியும்.

அப்புறம் பயாஸில் எக்ஸ்.எம்.பி.யையோ எக்ஸ்போவையோ அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். விழாமல் ஓடினால் பாதி வழக்கு முடிந்தது. மெம்டெஸ்ட்86 என்று இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை பென் டிரைவில் போட்டு, ராத்திரி படுக்கும்போது ஓடவிடுங்கள். அது விண்டோஸுக்கு வெளியே ஓடுவது, வைரஸ் மேல் பழி போட முடியாது. காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக மட்டும் போட்டுச் சோதித்தால் எந்த ஸ்டிக் திருடன் என்று தெரிந்துவிடும். ஒரே ராத்திரியில் பிழை வராவிட்டால் ராம் சுத்தம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இந்த டிடிஆர்5 ராம் போட்ட மெஷின்கள், முக்கியமாக ரைசன் மெஷின்கள், முதல் முறை ஆன் செய்யும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ராமோடு பழகிக்கொள்கிறது. இதைத் தெரியாமல் பதறிப்போய் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டு, செத்த மெஷின் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு போட்டிருந்தால் ஆட்டோ காசு மிச்சம்.

சூட்டையும் பாருங்கள். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிடுவது கடைகளில்கூட நடக்கும். பயாஸ் அப்டேட், 13, 14-வது தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம். கரன்ட் போகாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எழுதுங்கள். கடையில் ராமைத் துடைத்து, பயாஸை மாற்றி, விண்டோஸையும் ஏற்றி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் செய்துவிடுவார்கள். சரியானாலும் எதனால் சரியானது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

இந்த இடத்தில் ரிச்சி தெரு நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் பக்கமும் பேச்சு இருக்கிறது. ஒரு பிராசசரில் கிடைக்கும் லாபம் இரண்டு பிளேட் பிரியாணிக்குக் காணாது. ஆன்லைன் விலையை மொபைலில் காட்டி இருநூறு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற நாம், ராத்திரி முழுக்க ஒரு மெஷினை ஓட்டிச் சோதித்துக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? 2025 கடைசியில் ராம் விலை வேறு தாறுமாறாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போனதில் மைக்ரான் கம்பெனி, க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு ராம் விற்பதையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. ஸ்பேர் ராம் வைத்துச் சோதிப்பதும் இனி சில்லறைச் செலவில்லை.

"அப்ப பிராண்டட் வாங்கிக்கோங்க" என்பார்கள். நான் சொன்ன அதே மைக்ரோசாஃப்ட் ஆய்வில், பிராண்டட் மெஷின்கள் அசெம்பிள் செய்தவற்றைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. மறைக்கவில்லை. ஆனால் அதிலிருந்து எனக்குக் கிடைக்கும் செய்தி வேறு. பிராண்டட் கம்பெனி, தான் விற்கும் போர்டும் ராமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விற்கிறது. ஏற்றிய வேகம் எதையும் அனேகமாக வைப்பதில்லை. இதை அசெம்பிள் செய்கிறவரும் செய்யலாம். தனியாக ஆயிரம் ரூபாய் 'டெஸ்டிங் சார்ஜ்' என்று போடுங்கள். இரவு முழுக்க ஓட்டி, ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து பில்லோடு பின் பண்ணிக் கொடுங்கள். நான் தருகிறேன். கேபினட்டுக்குள் எரியும் கலர் விளக்குக்கு மூவாயிரம் கொடுக்கிற ஜனம் இதற்குக் கொடுக்காதா?

பில் என்றதும் ஞாபகம் வருகிறது. "பில் வேணுமா சார்? போட்டா 18 பர்சென்ட் ஆகும்." இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் வினாடியில் உங்கள் வாரன்டி, வழக்கு, வாய் எல்லாம் போச்சு. பில் இருந்தால் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பின்னால் நிற்கும். முதலில் 1915 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். மசியாவிட்டால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை பொருள் வாங்கியிருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. வீடியோ எடிட்டர்கள், டிடிபி செய்கிறவர்கள், "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே இல்லை" என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கி, தானே உபயோகிக்கிறவரும் நுகர்வோர்தான் என்று அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நோட்டில் எழுதிவைத்த தேதிகளும், மெம்டெஸ்டின் சிவப்பு வரிப் படமும் அங்கேதான் உதவும். ஃபார்மட் செய்யப்பட்ட டிஸ்க்கில் சாட்சி எதுவும் மிஞ்சாது.

அதனால் மெஷினைக் கடைக்கு எடுத்துப் போகுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். புது மெஷின்களில் அது விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் தகடு, ஒரே ஒரு ஸ்க்ரூ. "டிஸ்க் இல்லாம எப்படி சார் பாக்கறது?" என்று கேட்பார்கள். பயாஸ் வரும், மெம்டெஸ்ட் ஓடும், ராம் மாற்றலாம், எஸ்எம்பிஎஸ் மாற்றலாம், போர்டு மாற்றலாம். அதற்கெல்லாம் டிஸ்க் வேண்டாம். விண்டோஸில் ஓட்டித்தான் பார்க்க வேண்டுமென்றால் கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு பழைய டிஸ்க்கை மாட்டி அவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஃபார்மட் பண்ணிக்கொள்ளட்டும்.